நண்பர்களின் எண்ணிக்கை: பூஜ்யம்

என்னிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. உத்தமபாளையம் ரம்லத் ஆகிய நான், தேனி மாவட்ட எல்லைக்குள், வாரத்துக்கு ஒருமுறை, ஐம்பது நிமிடத்துக்கு மிகாமல், முன்பின் தெரியாத ஒருவரோடு நட்பாக இருக்கத் தகுதி பெற்றவள் என்று அதில் போட்டிருக்கிறது. கீழே மூன்று கையெழுத்து. ஏற்கனவே தெரிந்தவர்களோடு நட்பாக இருக்க எனக்கு அனுமதி கிடையாது. அதுவும் அதில் இருக்கிறது, கண்ணாடி போட்டால்தான் தெரியும்.

இந்தச் சான்றிதழ் வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் நான் சுப்புத்தாயோடு நட்பாக இருந்தேன். யாரிடமும் கேட்காமல், ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல். நினைத்தால் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

சுப்புத்தாய் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. மெயின் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற வீடு. என் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அக்குளில் பிடிக்காது, தோளில் இறங்காது, அப்படியொரு கை. புருஷன் திருப்பூருக்குப் போனவர் போனவர்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஒருநாள் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் தன் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்தினவள் திறக்கவில்லை. அவள் அண்ணன் ஒச்சாண்டி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மாசம் ஒருமுறை வந்து அரிசி பருப்பைக் கொல்லை வழியாக இறக்கிவிட்டு, வாசல்வரை வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

நான் ஒன்றும் சேவை செய்யப் போகவில்லை. என் வாசலில் மத்தியானம் வெயில். அவள் வாசலில் வேப்பமர நிழல். ஊறவைத்த மொச்சைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் படியில் உட்கார்ந்தேன். மொச்சை பிதுக்கியிருக்கிறீர்களா? ஊறின மொச்சையை இரண்டு விரலால் நசுக்கினால் பருப்பு தெறித்துக்கொண்டு வெளியே வரும், தோல் கையில் நிற்கும். குழம்புக்கு ருசி. ஆனால் ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். அரைக் கிலோவுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

பாதி பிதுக்கியிருப்பேன், கதவு நாலு விரல் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. அதில் ஒரு பிடி மொச்சையை வைத்தேன். கை உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பருப்பு தனியாக, தோல் தனியாக வெளியே வந்தது. எதற்கு வந்தாய் என்று அவளும் கேட்கவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை.

முதல் வருடம் கை மட்டும். மூன்றாவது வருடம் பாதிக் கதவு. ஐந்தாவது வருடம் வாசற்படிக்கு உள்ளே அவள், வெளியே நான், நடுவில் கிண்ணம். என் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், நானும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். இரண்டு பேரும் மொச்சையைத்தான் பார்ப்போம். அதனால்தான் பேச்சு வந்தது. பேச்சு என்றால் பெரும்பாலும் பஸ். பதினோரு வருடமாக ரோட்டைப் பார்க்காதவள், ஆரன் சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவாள்.

"ரம்லத்தக்கா, குமுளி வண்டி போகுது. டிரைவரு இன்னைக்கி வீட்டுல சண்ட போட்டுட்டு வந்துருக்காரு."

"அது எப்பிடி ஆத்தா தெரியும்?"

"ஆரன அமுக்குறதுல தெரியலயா? பொண்டாட்டி கழுத்துன்னு நெனச்சு அமுக்குறாரு."

பிதுக்கி முடிந்ததும் நான் மாத்திரை சொல்வேன். "ஆத்தா, வெள்ள ஒண்ணு. பெறகு மஞ்ச." முழுங்குவாள். அப்புறம் சாப்பிடுவாள். ஒருமுறை மகள் பிரசவத்துக்குப் போய் ஆறு நாள் கழித்து வந்தேன். ஆறு வெள்ளையும் ஆறு மஞ்சளும் நிலைப்படியில் வரிசையாக இருந்தன, பொங்கின சோறு மூடியபடியே புளித்துக் கிடந்தது.

"ஏன் ஆத்தா?"

"நீங்க சொல்லலயேக்கா" என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் நட்பு. இதில் முறை என்று ஒன்றும் இல்லை.

மாத்திரையைத் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய் நான்தான் வாங்கி வருவேன். இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில், இனிமேல் நோயாளி நேரில் வந்தால்தான் மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். கதவைத் தாண்டாதவளை எப்படி நான் தேனிக்குக் கொண்டுபோவேன்? கையில் இருபது நாள் மாத்திரை இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெருவில் ஜீப் வந்தது. மேற்கு மலைத்தொடர் மனத்தோழமை மேம்பாட்டு மையம் என்று ஜீப்பின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் போய் முடிந்திருந்தது.

இறங்கினவர் ஹேமாவதி, ஒருங்கிணைப்பாளர். முப்பது வயசு இருக்கும், நல்ல பிள்ளை, வெயிலில் வந்த பிள்ளைக்கு மோர் கொடுத்தேன். மனநோயாளிகளுக்கு நண்பர்களை ஏற்பாடு செய்து தருகிறோம் என்றார். பதிவு செய்தால் டாக்டரே வீட்டுக்கு வருவார், மாத்திரையும் வீட்டுக்கே வரும் என்றார். அல்லா கண் திறந்தான் என்று நினைத்தேன்.

சுப்புத்தாய் வாசலில் வைத்துத்தான் படிவம் எழுதினோம். பதினாலு பக்கம்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்மா?"

"மூணாவது வீடு."

"அது உறவு இல்லம்மா, அட்ரஸ்."

முப்பத்தொன்றாவது கேள்வி வந்தது. பயனாளிக்கு உள்ள நண்பர்களின் எண்ணிக்கை. நான் சிரித்துக்கொண்டே "ஒண்ணு" என்றேன். ஹேமாவதி பேனாவை மூடிவிட்டார்.

"ஒண்ணுன்னு போட்டா இவங்க தனிமைப்பட்டவங்க லிஸ்ட்ல வர மாட்டாங்கம்மா. டாக்டர் வர மாட்டாரு. மாத்திரை வராது."

"அப்ப என்னம்மா போட?"

"உண்மையத்தான் போடணும். ஆனா பூஜ்யம் போடுங்க."

"நான் தெனம் வாரேனேம்மா?"

"அது நட்பு இல்லம்மா. முறைசாராப் பழக்கம். நாங்க குடுக்கப்போறதுதான் நட்பு."

எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் கையால் நிரப்ப வேண்டும் என்று விதி. பேனாவை என் கையில் கொடுத்தார். நான் போட்ட பூஜ்யம் பிதுக்கின மொச்சைத்தோல் மாதிரி ஒரு பக்கம் நசுங்கி வந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம்தான் சுப்புத்தாய் நின்றாள்.

நண்பரை ஏற்பாடு செய்வார்கள் என்றால் என்னையே ஏற்பாடு செய்துவிடட்டுமே என்று பயிற்சிக்குப் பேர் கொடுத்தேன். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள். மத்தியானம் தக்காளிச் சாதம், உப்பு கம்மி. முதல் நாள் இயக்குநர் பொன்னுராஜ் சார் பேசினார்.

"நட்பு இன்னைக்கு யார் யார் கையிலயோ கெடக்கு. டீக்கடையில இருக்கு, கொழாயடியில இருக்கு. அதுக்கு ஒரு தரம் உண்டா, ஒரு கால அளவு உண்டா? நாம அத முறைப்படுத்தப் போறோம். நான் இருபது வருசமா இந்தத் துறையில இருக்கேன். எனக்குன்னு ஒரு நண்பர்கூடக் கெடையாது. அதனாலதான் என்னால இதுல நடுநிலையா இருக்க முடியுது."

எல்லோரும் கைதட்டினோம். அவரும் தட்டினார்.

இரண்டாம் நாள் நட்பின் தூரம். டேப்பை வைத்து அளந்து காட்டினார்கள், இரண்டரை அடி. அதற்குக் கிட்டே போனால் பாசம், தள்ளிப் போனால் அலட்சியம். பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், கையில் வேறு வேலை இருக்கக் கூடாது. தொடக் கூடாது. வாங்கிச் சாப்பிடக் கூடாது, கொடுக்கவும் கூடாது. நம் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது. கதவை மூன்று முறை தட்டி, பேரையும் அட்டை எண்ணையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். இருபத்துநாலு வாரம் முடிந்ததும் நட்பை முடித்து ரசீது வாங்க வேண்டும்.

மூன்றாம் நாள் பரீட்சை. நண்பர் அழுதால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. நானும் அழுவேன் என்று எழுதினேன். முட்டை. குறிப்பேட்டில் நேரத்தோடு பதிவு செய்வேன் என்பதுதான் சரியான விடையாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜெயமங்கலம் பூமாரி, நாற்பது வயசு, களையெடுக்கப் போகிறவள். அவளுக்கும் அதே கேள்வியில் முட்டை. தலை சீவிவிடுவேன் என்று எழுதியிருந்தாள்.

சான்றிதழ் கொடுத்த கையோடு யாருக்கு யார் என்று பட்டியல் வாசித்தார்கள். சுப்புத்தாய்க்கு பூமாரி. எனக்கு ஜெயமங்கலம் மலையம்மாள்.

"ஏம்மா, சுப்புத்தாயி எனக்கு மூணாவது வீடும்மா" என்று ஹேமாவதியிடம் போனேன்.

"அதனாலதான்மா குடுக்கல. ஏற்கனவே தெரிஞ்சவங்களோட நட்பு ஆகக் கூடாது, விதி ஒம்பது. தெரிஞ்சவங்கன்னா நாங்க குடுத்த நட்பு எது, பழைய பழக்கம் எதுன்னு பிரிக்க முடியாது. கலப்படம் ஆயிரும்."

பின்னால் நின்ற பூமாரி மெல்லக் கேட்டாள். "மலையம்மாளக்கா எனக்கு எதுத்த வீடுங்க. மகன் தவறுனதுலருந்து செவரப் பாத்து உக்காந்துருக்காக. ஏழு வருசமா நான்தான் தெனம் சாயங்காலம் தலை சீவி விடுறேன்."

"பாத்தீங்களா," என்றார் ஹேமாவதி, "எவ்வளவு கலப்படம்!"

அப்படியாக, செவ்வாய்க்கிழமைதோறும் நான் உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர், வீரபாண்டி, தேனி வழியாக ஜெயமங்கலத்துக்குப் போனேன். பூமாரி ஜெயமங்கலத்திலிருந்து தேனி, வீரபாண்டி, சின்னமனூர் வழியாக உத்தமபாளையத்துக்கு வந்தாள். தேனி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் வண்டி மாறுகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம். பத்து நிமிடம் கிடைக்கும்.

"மலையம்மாளக்கா எப்பிடி இருக்காக?" என்றாள் பூமாரி.

"செவரத்தான் பாக்குறாக. ரெண்டரை அடி தள்ளி நானும் செவரப் பாக்குறேன். ஒருதடவ மட்டும் திரும்பி, பூமாரி எங்கன்னு கேட்டாக. என் சுப்புத்தாயி?"

"கதவத் தொறக்கலக்கா. மூணு தட்டுத் தட்டி நம்பரச் சொன்னேன். உள்ளுக்குள்ள என்னமோ உருண்டு விழுந்துச்சு. பயந்துருப்பாக போல."

பயப்படாமல்? தன் பேரைச் சொல்லிப் பேசுகிறார்கள் என்று கதவைச் சாத்தினவள் வாசலில் ஒருத்தி நின்று பேரும் நம்பரும் கூவினால்?

குறிப்பேட்டில் சிரித்தார், பேசினார், நலம் விசாரித்தார் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. கதவைத் திறக்கவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. பூமாரி காலியாகக் கொடுத்தாள். ஹேமாவதி வாங்கிப் பார்த்து, கோபப்படாமல், மூன்றிலும் டிக் போட்டுக் கொடுத்தார். "மௌனமும் ஒரு பேச்சுதான் பூமாரி" என்றாராம்.

டாக்டர் வந்தார், ஒரே ஒரு தடவை. கதவு திறக்கவில்லை. படிவத்தை நன்றாகப் பரிசோதித்துவிட்டு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை வாராவாரம் பூமாரி பையில் வரும், கதவிடுக்கில் உள்ளே தள்ளுவாள். விழுங்கினாளா என்று கேட்கக் கட்டம் இல்லை.

ஐந்தாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. மொச்சையை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தத்துக்கே கதவு திறந்தது. ரொம்ப மெலிந்துபோயிருந்தாள். ஒரு பிடி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பெனாங்கு பெனாங்கு வண்டியெல்லாம் போயிருச்சுக்கா, நீங்கதான் வரல" என்றாள். எத்தனை எத்தனை வண்டி போயிற்று என்பதற்கு அவள் அப்படித்தான் சொல்வாள், அவளாகக் கட்டின வார்த்தை. அன்றைக்கு வெள்ளையும் முழுங்கினாள், மஞ்சளும் முழுங்கினாள்.

எதிர்க்கடையில் எழுதிவைக்கச் சொல்லி மையம் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நாலாம் நாள் கடிதம் வந்தது. அனுமதியற்ற நட்பு கண்டறியப்பட்டது, மறுமுறை நடந்தால் பயனாளியின் பதிவு ரத்தாகும், மருந்து நிறுத்தப்படும்.

மருந்து என்று எழுதியிருந்ததால் பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். பஸ்ஸையே தெரிகிறவளுக்குச் செருப்பு தெரியாதா?

தேனி பஸ் ஸ்டாண்டில் பூமாரிக்கு வித்தை சொல்லிக்கொடுத்தேன். தட்டாதே, நம்பர் சொல்லாதே, கண்ணைப் பார்க்காதே, மொச்சை கொண்டுபோய் உட்கார். அவள் எனக்குச் சொன்னாள், சீப்பை எடுத்து மலையம்மாள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். விதியை மீறத் துணிந்தது முதலில் பூமாரிதான். எதிர்க்கடைக்காரர், அட்டை வைத்திருக்கிற பிள்ளை என்ன செய்தாலும் அது நட்பு என்று எழுதிவிட்டாராம்.

அடுத்த செவ்வாய் பூமாரி முகமே சரியில்லை.

"கை வந்துச்சுக்கா. மொச்சைய வச்சேன். வாங்குன கை அப்பிடியே நின்னுச்சு. எங் கையத் தடவிப் பாத்தாக. ஒவ்வொரு வெரலா. பெறகு மொச்சையக் கீழ வச்சிட்டு உள்ள இழுத்துக்கிட்டாக."

களையெடுக்கிற கை, காய்ப்பு இருந்திருக்கும். என் கை அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டாக, உள்ளருந்து. ரம்லத்தக்கா எங்கனன்னு."

"நீ என்ன சொன்ன?"

"பொய் சொல்ல மனசு வரலக்கா. ஜெயமங்கலத்துல இருக்காகன்னேன். எந்த வண்டின்னாக. தேனி வண்டி, அங்கன எறங்கி ஜெயமங்கலம் வண்டின்னேன். தப்பாக்கா?"

தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. "நெலப்படியில மாத்திர வரிசையா இருந்துச்சுக்கா. எண்ணுனேன், முப்பதுக்கு மேல" என்று அவள் சொன்னதுதான் மண்டையில் நின்றது.

இரண்டு பேரும் நேரே இயக்குநரிடம் போனோம். எங்களை மாற்றிப் போடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றோம். பொன்னுராஜ் சார் உட்காரச் சொன்னார். காபி வந்தது, இரண்டரை அடியில் வைத்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் பழக்கத்துக்கு அடிமையாயிட்டீங்கம்மா. பழக்கம் இருக்கிற எடத்துல எங்க வேலைய எப்படி அளக்கிறது? சுப்புத்தாய்க்கு நீங்க ஏற்கனவே இருந்தீங்கன்னா, நாங்க குடுத்தது எவ்வளவுன்னு நான் மேல என்னத்தக் காட்டுறது?"

"அவ மாத்திர முழுங்கலங்க. சோறு திங்கலங்க."

"குறிப்பேட்டுல மூணு கட்டமும் டிக் ஆயிருக்கே! எங்க மையத்துலயே நல்லா வளர்ந்து வர்ற நட்பு அதுதான். அத நீங்க கெடுக்காதீங்க. மே மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. இருபத்துநாலு வாரம் முழுசா முடியட்டும். அதுக்கப்புறம் நீங்க யாரோட வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் இருந்துக்கங்க. எங்களுக்கு அக்கறை இல்ல."

இன்னும் எட்டு வாரம்தானே என்று திரும்பி வந்தோம். ஒன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு எட்டு வாரம் பெரிதா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

இருபத்துநாலாவது வாரம், சித்திரைக் கடைசிச் செவ்வாயில் வந்து விழுந்தது. வீரபாண்டித் திருவிழா. தேனிக்கும் சின்னமனூருக்கும் நடுவில் ரோடே தெரியாது, தீச்சட்டியும் தலையுமாகத்தான் இருக்கும். அன்றைக்கு வேண்டாம், புதன்கிழமை போகிறோம் என்று ஹேமாவதியிடம் கேட்டோம். புதன்கிழமை செய்தால் அது இருபத்தைந்தாவது வாரக் கணக்கில் விழும், இருபத்துமூன்று என்று அறிக்கை போகும் என்றார். கடைசிச் சந்திப்பு, முடிப்புப் படிவத்தில் கைரேகை வாங்கியே ஆகவேண்டும்.

கூட்டத்துக்கு முந்த வேண்டும் என்று நான் விடிந்ததும் கிளம்பினேன். சுப்புத்தாய் வீட்டைத் தாண்டும்போது வழக்கம்போலச் செருப்பு கையில். நாளையிலிருந்து இப்படிப் போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது மொச்சை வாங்கி ஊறப்போட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மற்றதெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது. பூமாரி வந்த வண்டி வீரபாண்டிக்கு முன்னால் கூட்டத்தில் மாட்டி மூன்று மணி நேரம் அசையவில்லை. செவ்வாய் பதினொரு மணிக்கு வாசலில் சத்தம் கேட்க வேண்டும், அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எதிர்க்கடைக்காரர் நோட்டில் எழுதியிருக்கிறார்: பதினொன்றரை, கதவு தானாகத் திறந்தது. பயனாளி கிண்ணத்துடன் வெளியே வந்தார். பின்னால் போய்ப் பார்த்ததில், மெயின் ரோட்டில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டே நின்றார். மூன்று வண்டியை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினார்.

ஏன் தடுக்கவில்லை என்று அவரிடம் பிறகு கேட்டேன். "பயனாளியத் தடுக்கக் கூடாதுன்னு நோட்டுல மொதப் பக்கத்துலயே போட்ருக்காக" என்றார்.

சரியான வண்டியில்தான் ஏறியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு ஆரனைக் கேட்டுத் தேனி வண்டியில்தான் ஏறியிருக்கிறாள். அது வீரபாண்டியில் வந்து நின்றதும் வண்டியில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். எல்லோரும் இறங்குகிறார்கள் என்றால் இதுதான் ஜெயமங்கலமாக இருக்கும் என்று அவளும் இறங்கிவிட்டாள். பதினொரு வருடம் நாலு சுவரைப் பார்த்தவள், அந்தக் கூட்டத்துக்கு நடுவில்.

கொட்டும் உறுமியுமாகக் கிடந்த அந்த இரைச்சலில், நின்றுபோன பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த பூமாரி மைக் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளுக்காக அறிவிப்புச் செய்கிற மைக்.

"உத்தமபாளையத்தைச் சேர்ந்த ரம்லத். உத்தமபாளையத்தைச் சேர்ந்த ரம்லத் அவர்களைக் காணவில்லை. எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். உங்களைத் தேடி சுப்புத்தாய் காத்திருக்கிறார்."

காணாமல்போனது தான் என்று அவள் நினைக்கவில்லை. என்னைத்தான் காணோம் என்று சொல்லியிருக்கிறாள்.

பூமாரி ஜன்னல் வழியாகக் குதித்து, தீச்சட்டிக்காரர்களை இடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதற்குள் நாலு தடவை அறிவித்துவிட்டார்கள். மைக்குக்காரர் ஒரு பெஞ்சைக் காட்டினாராம். "இம்புட்டு நேரமும் இங்கனதான் உக்காந்துருந்தாக. மொச்சையப் பிதுக்கிக்கிட்டே. அவுக வர மாட்டாகன்னு சொல்லிட்டு இப்பத்தான் எந்திரிச்சுப் போனாக." பெஞ்சில் கிண்ணம் மட்டும் இருந்தது. பருப்பு தனியாக, தோல் தனியாக.

அந்த நேரத்தில் நான் ஜெயமங்கலத்தில் மலையம்மாளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள்தானே, போகட்டும் என்று சீப்பை வைத்தேன். அவரே எடுத்து என் கையில் கொடுத்துத் தலையைக் காட்டினார். ஐந்து மாதச் சிக்கு. இரண்டு மணி நேரம் ஆனது.

காவல் நிலையத்துக்குப் போனேன். காணாமல்போனவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்றார்கள். கூட்டாளி என்றேன். மையத்துக்குப் போன் போட்டு விவரம் கேட்டார்கள். படிவம் வந்தது, பதினாலு பக்கமும். ஏட்டையா முப்பத்தொன்றாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"நண்பர்கள் பூஜ்யம்னு போட்ருக்கே. இது ஒங்க கையெழுத்துத்தானேம்மா?"

என் கையெழுத்துத்தான்.

"அப்ப ரத்த உறவு யாராச்சும் வந்து எழுதிக் குடுக்கணும்."

ஒச்சாண்டிக்கு ஆள் அனுப்பி, அவர் மலையிலிருந்து இறங்கி வர ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளைக்குள் மதிப்பீட்டுக் குழு வந்து போய்விட்டது. அதே கல்யாண மண்டபம். எங்கள் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அங்கே போனால் ஏதாவது தகவல் தெரியும் என்று நானும் பூமாரியும் போனோம். பொன்னுராஜ் சார் பேசினார்.

"பதினோரு வருசம் வாசலைத் தாண்டாத ஒரு பெண்மணி. நம்ம மையத்தோட இருபத்துநாலு வார நட்புக்குப் பிறகு, தானே கதவைத் திறந்து, தானே பஸ் ஏறி, லட்சம் பேர் கூடுற பொது இடத்துல, தன் தேவையை மைக்கில சொல்லியிருக்காங்க. வீட்டை விட்டு வெளியேறுதல், பயணம் செய்தல், சமூகத்தில் கலத்தல், மூணு குறியீட்டுலயும் அஞ்சுக்கு அஞ்சு. இப்ப அவங்களுக்கு நாம தேவையில்லை. அவங்க எங்க இருக்காங்கன்னுகூட நமக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய தன்னிறைவு உண்டா?"

கைதட்டல் நிற்க நேரமானது. பூமாரிக்குச் சிறந்த நண்பர் கேடயம் கொடுத்தார்கள். வாங்கினாள், மேடையிலேயே கீழே வைத்தாள், இறங்கி வந்துவிட்டாள். தன்னடக்கம் என்று மைக்கில் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அவள் சான்றிதழ் ஒன்றும் இல்லாமல் மலையம்மாள் வீட்டுக்குப் போய்த் தலை சீவிவிட்டாளாம். இன்றைக்கும் சீவிவிடுகிறாள்.

சுப்புத்தாயைக் காணவில்லை. பெரியகுளம் பக்கம் பார்த்தோம் என்றார்கள், போனேன். மதுரை பஸ் ஸ்டாண்டில் அந்த மாதிரி ஒரு பெண் என்றார்கள், போனேன். ஜெயமங்கலத்து வண்டி வந்து நிற்கிற இடமெல்லாம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. நாலு வருடம் ஆகிறது. ஒச்சாண்டி வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டேன். கதவை நாலு விரல் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

வருடாவருடம் சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கு வீரபாண்டி போகிறேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு மைக் மேடைக்குப் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். மடியில் கிண்ணம். இந்த வருடம் மைக்கில் புது ஆள் இருந்தார், சீட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு முறையாகக் கேட்டார்.

"காணாமப்போனது யாரும்மா?"

நான் என்ன சொல்வேன் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

"ரம்லத்து" என்றேன். "உத்தமபாளையம் ரம்லத்து கெடச்சிட்டான்னு சொல்லுங்க. இங்கன பெஞ்சுலதான் உக்காந்துருக்கா, சுப்புத்தாயி வந்து பாத்துக்கிறட்டும்னு சொல்லுங்க."

"அவுகளுக்கு நீங்க என்ன வேணும்? எழுதணும்."

பேனாவைக் கேட்டு வாங்கினேன். அவர் காட்டின இடத்தில் ஒன்று என்று போட்டேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ஒண்ணும் வெளங்கலயே" என்றார். ஆனாலும் நல்ல மனுசர், மூன்று தடவை அறிவித்தார்.

உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தேன். ரோட்டில் வரிசையாக வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு நின்றன. எது குமுளி, எது தேனி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.